துண்டு போட்ட இடம்

செம்மண்விளை இலவச பஸ்ஸில் இருபத்தாறாவது சீட் முளைத்த அன்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. பிளக்க நேரம் ஏது? மணி ஏழே முக்கால். எட்டரைக்குள் நாலுமுக்கு டவுனில் இறங்காவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெளியே முட்டி போட வேண்டும், தீப்பெட்டி ஆபீஸில் அரைச் சம்பளம் போய்விடும், ஆஸ்பத்திரியில் டோக்கன் தீர்ந்துவிடும். ஆகவே, நேற்று வரைக்கும் இருபத்தைந்தாக இருந்த சீட் இன்றைக்கு இருபத்தாறாக இருப்பதையும், புதிதாக முளைத்தது என்றாலும் அதுவும் மற்றதைப் போலவே பச்சை ரெக்சின் கிழிந்து, பஞ்சு பிதுங்கி, முதுகில் யாரோ காம்பஸால் கீறிய அம்பு விட்ட இதயத்தோடுதான் முளைத்திருக்கிறது என்பதையும் பார்த்து, பீடி சுற்றும் முத்துக்கனி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"முளைக்கது முளைக்கு, நல்ல சீட்டா முளைக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அது அரசாங்க பஸ் அல்ல. அரசாங்க பஸ் ஒரு காலத்தில் வந்தது, பிறகு இந்தத் தடத்தில் ஆள் இல்லை என்று நின்றுபோனது. ஆள் இல்லை என்று சொன்னவர்களுக்குத் தாங்கள் ஆள்தான் என்று காட்டுவதற்காக, தேரிக்காட்டு அஞ்சு ஊர்க்காரர்களும் சேர்ந்து, சர்ச் அசன விருந்தில் மிஞ்சியது, அம்மன் கொடை விழாவில் மிஞ்சியது, கபடிக் கோப்பையோடு வந்தது, மஸ்கட்டில் இருக்கும் பையன்கள் வாட்ஸ்அப்பில் "எம் பேருல அம்பது போடு", "அப்ப எம் பேருல அறுவது போடுல" என்று ஒருத்தனை ஒருத்தன் முந்திக்கொண்டு அனுப்பியது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, ஒரு கல்லூரி கழித்துக்கட்டிய வண்டியை வாங்கினார்கள். டீசலுக்கு மட்டும் கடற்கரை உப்புக் கம்பெனி மாதாமாதம் பணம் தந்தது. பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாத பஸ்ஸுக்குக் கண்டக்டர் எதற்கு என்று பஸ் சங்கச் செயலாளர் தனுஷ்கோடி கேட்டுத்தான் பார்த்தார்.

"விசில் ஊத ஆளில்லன்னா அது பஸ்ஸா அண்ணாச்சி? மாட்டு வண்டில்லா!" என்றது ஊர்.

அப்படித்தான் ஞானப்பூ வேலைக்கு வந்தாள். வந்த முதல் வாரமே ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தாள். காசு கொடுக்காமல் உட்கார்ந்து பழகாத ஜனம், சீட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டு, வழியில் காக்கிச் சட்டையைக் கண்டால் செக்கிங் என்று எழுந்து நின்றது. எனவே ஞானப்பூ ஏறுகிறவர்கள் கையில் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தாள், இறங்கும்போது திருப்பி வாங்கிக்கொண்டாள். கொட்டை கைக்கு வந்ததும் அவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கொட்டையைத் தொலைத்தவன் மறுநாள் நின்றுகொண்டு வர வேண்டும் என்பதைத் தவிர அந்த பஸ்ஸில் வேறு சட்டம் இல்லை.

இல்லை, இன்னொன்று இருந்தது. அது பஸ்ஸின் சட்டமல்ல, அந்தப் பக்கத்துச் சட்டம். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு ஒருவர் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டால், கலெக்டரே ஏறி வந்தாலும் நின்றுகொண்டுதான் வர வேண்டும். துண்டைப் போட்டவர்தான் எடுக்கலாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அரசாங்க பஸ் ஓடிய காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், டைப் கிளாஸ் முடிந்து வரப்போகும் மகள் ஜெபராணிக்காக ஞானப்பூ நாலுமுக்கு ஸ்டாண்டில் முண்டியடித்து, நீலக்கரை போட்ட வெள்ளைத் துண்டை வீசி, மூன்றாம் வரிசை ஜன்னலோரத்தைப் பிடித்து வைத்திருந்தாள். ஜெபராணி வந்தாள். கழுத்தில் மாலை வாடாமல் இருந்தது. பின்னால் ஒரு பையன் நின்றான்; சங்கரன்கோவில் தறிக்காரன், சாதியும் வேறு, சாமியும் வேறு. "யம்மா" என்றாள் ஜெபராணி. ஞானப்பூ துண்டை உருவி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற வெங்காயக்காரியிடம் சொன்னாள்:

"நீ உக்காருக்கா. இங்க ஆளு வராது."

வண்டி நகர்கிற வரைக்கும் ஜெபராணியின் கை ஜன்னல் கம்பியில் இருந்தது. நகர்ந்த பிறகு இல்லை.

அதற்கப்புறம் ஞானப்பூ எந்த பஸ்ஸிலும் உட்காரவில்லை. கண்டக்டர் வேலை கிடைத்தது வசதியாகப் போயிற்று, ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. மகளைப் பற்றி முத்துக்கனிதான் அவ்வப்போது செய்தி கொண்டுவருவாள், அவளுடைய கொழுந்தியாளைச் சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தது. "ஒம் மவளும் தறிக்குத்தான் போறாளாம் மைனி. மினி பஸ்லதான் போறாளாம்." ஞானப்பூ விசிலைத் துடைத்துக்கொண்டே, "அவளுக்குக் காலு இருக்குல்லா, வரட்டும்" என்பாள். சொல்லிய பிறகு தேரியின் செம்மணலில் பஸ் புழுதி கிளப்பிப் போவதைப் பின் கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் காலையில், பஸ் கிளம்புவதற்கு முன்னால், அந்த நீலக்கரைத் துண்டைக் கொண்டுவந்து மூன்றாம் வரிசை ஜன்னலோரத்தில் போட்டாள்.

"ஆளு வருதா?" என்று கேட்டார்கள்.

"வரும்."

அன்றைக்கு ஒருவர் நின்றுகொண்டு போனார். மறுநாள் காலை இருபத்தாறாவது சீட் முளைத்தது.

சங்கதி புரிய ஒரு வாரம் ஆயிற்று, பழக ரெண்டு நாள் ஆயிற்று. வராதவருக்குத் துண்டு போட்டால், வருகிறவருக்கு பஸ்ஸே ஒரு சீட் தந்துவிடும். அப்புறம் என்ன, ஆளாளுக்குப் போட்டார்கள். மஸ்கட் மகனுக்கு ஒருத்தி போட்டாள். போன ஆடியில் செத்துப்போன மனைவிக்கு உப்பளத்துக் கிழவர் ஒருவர் போட்டார், ஜன்னலோரம் வேண்டாம், அவளுக்குக் காற்று ஆகாது என்று சொல்லி இடம் மாற்றியும் போட்டார். பள்ளிப் பிள்ளைகள் மாற்றலாகிப் போன கணக்கு டீச்சருக்கு ஒரு கைக்குட்டை போட்டன. முத்துக்கனி கெட்டுப்போன தன் ரெண்டு கிட்னிக்கும் சேர்த்து ஒரே துண்டைப் போட்டாள். "அதுக ரெண்டும் நெருக்கி உக்காந்துக்கிடும்" என்றாள். மழைக்கு மட்டும் ரெண்டு சீட் பிடித்தார்கள், மழை வந்தால் தனியாக வராது என்று.

பஸ் நீண்டது. பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்கினால் ஒரு ஸ்டாப் தூரம் நடை மிச்சமாகும் அளவுக்கு நீண்டது. வேகத்தடையில் முன்னால் இருக்கிறவர்கள் குதித்து முடித்து, கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் பின்னால் இருக்கிறவர்கள் குதித்தார்கள். ஆலங்கிணறு வளைவில் டிரைவர் சிலுவைமுத்து செல்போனில் கூப்பிட்டு, "யக்கா, வாலு திரும்பிட்டா?" என்று கேட்பான். "இன்னும் கோயிலத் தாண்டல, பொறு" என்பாள் ஞானப்பூ. ரயில்வே கேட்காரர் கூட்ஸ் வண்டிக்கு ஆட்டுகிற பச்சைக்கொடியை இதற்கும் ஆட்டினார். ஜனமும் அதற்குத் தக்கபடி வாழ்ந்துகொண்டது. நடுப்பகுதியில் ஒருவர் டீ கேனோடு ஏறி வியாபாரம் பார்த்தார், முன்பகுதியில் நடக்கும் சண்டையின் செய்தி பின்பகுதிக்கு வந்து சேரும்போது ராசியாகிவிட்டிருக்கும். ஒருவரும் துண்டு போட்ட இடத்தில் உட்காரவில்லை. அந்த இடங்களைத் தாண்டும்போது மட்டும் காலை ஒடுக்கி, யார் மடியிலும் இடித்துவிடாதபடி நடந்தார்கள்.

ஞானப்பூ ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மூன்றாம் வரிசை ஜன்னலை ஒருமுறை பார்ப்பாள். பார்த்துவிட்டு விசில் ஊதுவாள்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது அப்போதுதான். தனுஷ்கோடி போஸ்ட்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், ஆயுள் முழுக்க அடுத்தவர் கடிதத்தையே சுமந்தவர். தன் பேருக்கு வந்த கடிதத்தை ஆபீஸர் குரலிலேயே, மூக்கைச் சுருக்கி வாசித்தார்.

"'மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு. தங்கள் வாகனம் தொடர்ந்து வளர்ச்சி கண்டு வருவதற்கு எமது மகிழ்ச்சியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' கேட்டியளா, நல்லாத்தான் ஆரம்பிக்கான். 'எனினும், வாகனத்தின் நீளத்திற்கேற்ப டீசல் செலவும் மும்மடங்காகியுள்ளது. இருக்கைகளில் முக்கால் பங்கு பயணிகளால் நிரம்பாத வாகனத்திற்கு எமது உதவியைத் தொடர இயலாது. வரும் வியாழனன்று எமது அலுவலர் நேரில் வந்து எண்ணுவார். நிரம்பியிருப்பின், சேவையை மேம்படுத்துவது குறித்துப் பரிசீலிக்கப்படும்.' இந்தா, நடுவுல ஒரு 'எனினும்' வந்துட்டுல்லா."

யாரும் சிரிக்கவில்லை. எண்பத்து மூன்று சீட்டில் ஐம்பத்தெட்டில் துண்டு கிடந்தது.

"டீசல் நின்னா வண்டி நிக்கும்" என்றான் சிலுவைமுத்து. "வண்டி நின்னா முத்துக்கனி சித்தி திங்கக்கிழமையும் வியாழக்கிழமையும் மிசினுக்கு எப்படிப் போவா? ரத்தம் சுத்தம் பண்ணாம ஒரு வாரம் தாங்குவாளா?"

"என்னப் பத்தி என்னத்துக்குல இழுக்க?" என்றாள் முத்துக்கனி. ஆனால் அவள் குரல் இறங்கியிருந்தது.

துண்டுகளை எடுத்துவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். ஞானப்பூ கையில் இருந்த கொட்டைப் பையை இறுக்கிக்கொண்டாள். ஒரு தடவை அந்தத் துண்டை எடுத்திருக்கிறாள், அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த நாலு வருஷம். இன்னொரு தடவை தன் கையாலேயே எடுத்தால், ஜெபராணியை ஸ்டாண்டில் இன்னொரு தடவை நிறுத்திவிட்டுப் போவதாக அல்லவா ஆகும்?

"எடுக்க வேண்டாம்" என்றாள். "ஒரு நாளைக்குத்தான. அஞ்சு ஊரிலயும் வீட்டுல கெடக்க ஆளையெல்லாம் ஏத்துவோம். துண்டு போட்டவங்க அனுமதி குடுத்து உக்கார வைக்கட்டும்."

"நீ குடுப்பியா மைனி?" என்று கேட்டாள் முத்துக்கனி.

ஞானப்பூ பையிலிருந்த கொட்டைகளை எண்ணத் தொடங்கினாள். ஒரு சீட் போனால் போகட்டும், முக்கால் பங்குதானே என்று தனுஷ்கோடி முடித்துவைத்தார்.

வியாழக்கிழமை வந்தது. கம்பெனி அலுவலர் கையில் அட்டையும் பேனாவுமாகச் செம்மண்விளையில் ஏறினார். மெலிந்த மனிதர், புழுதிக்கு இருமுகிறவர், "சரிங்க, ஆரம்பிக்கலாங்களா" என்று எதையும் கேட்டுக் கேட்டுச் செய்கிறவர். அஞ்சு ஊரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரித் தலை சீவிக்கொண்டு வந்திருந்தது. உப்பளத்துக் கிழவர் யாரோ ஒரு மருமகப் பெண்ணைக் கூப்பிட்டு, "இதுல இரும்மா, அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா" என்று இடம் தந்தார். மஸ்கட்காரனின் அம்மா ஒரு பனையேறியை உட்கார வைத்து, "ரொம்ப சாயாதிய, எம் மவனுக்கு இடுப்புல வலி உண்டு" என்றாள். சீட்டெல்லாம் நிறைந்துகொண்டே வந்தது, அலுவலர் எண்ணிக்கொண்டே போனார், எல்லாம் சரியாக நடந்துவிடும் போலத்தான் இருந்தது.

ஆனால் புதிதாக வந்தவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? பிறந்ததிலிருந்து பஸ்ஸைக் கண்டதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்ட கை. அடுத்த ஊரான ஓடைக்குடியில் ஏறினவர்கள் ஏறுவதற்கு முன்பே பின்னால் வரும் அத்தானுக்கும் அயித்தைக்கும் துண்டு போட்டார்கள், பையைப் போட்டார்கள், தூக்குச்சட்டியைப் போட்டார்கள், ஒருத்தி கைப்பிள்ளையையே உள்ளே நீட்டி இடம் பிடித்தாள். அத்தான்கள் பாதிப் பேர் வரவில்லை. வராதவருக்குப் போட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது. அலுவலர் முன்னாலிருந்து எண்ணிப் பின்னால் போனபோது தொண்ணூற்றேழு சீட் இருந்தது. சந்தேகத்தோடு பின்னாலிருந்து எண்ணி முன்னால் வந்தபோது நூற்றுப் பத்து இருந்தது. ஏறினவர்களிலும் பாதிப் பேர் யார் இடமோ என்று கூச்சப்பட்டு நின்றுகொண்டே வந்தார்கள். நிரப்ப நிரப்ப பஸ் காலியானது.

"மன்னிச்சுக்கோங்க" என்றார் அலுவலர், அட்டையில் அடித்து அடித்து எழுதி. "உக்காந்தவங்க பாதிகூட இல்லைங்களே. எங்க ஆபீஸ்ல இதை என்னன்னு சொல்றது?"

முத்துக்கனி மூன்றாம் வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு மிஷின் நாள். கணுக்கால் ரெண்டும் பூசணி போல வீங்கியிருந்தன. தன் கிட்னிகளின் இடத்தில் ஒரு கிழவியை உட்கார வைத்துவிட்டு, மற்றதில் எந்தத் துண்டு யாருடையது என்று தெரியாமல், உட்காரக் கூச்சப்பட்டு நின்றாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் புளியங்கொட்டையைப் பத்திரமாக மூடி வைத்திருந்தாள்.

ஞானப்பூ அந்தக் கால்களைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினாள். சிலுவைமுத்து பிரேக் போட்டான். முன்னால் இருந்தவர்கள் சாய்ந்து, கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் இருந்தவர்களும் சாய்ந்து, பஸ் நின்றது.

அவள் குனிந்து நீலக்கரைத் துண்டை எடுத்தாள். உதறவில்லை, சுருட்டவில்லை, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போடுவது போலத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"உக்காருடி முத்துக்கனி" என்றாள்.

மஸ்கட்காரனின் அம்மா முதலில் எழுந்தாள், தன் துண்டை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள். உப்பளத்துக் கிழவர் எடுத்தார். பிள்ளைகள் கணக்கு டீச்சரின் கைக்குட்டையை எடுத்து நாலாய் மடித்தன. மழையின் துண்டை எடுக்க ரெண்டு பேர் போனார்கள். ஒவ்வொரு துண்டாக எடுக்க எடுக்க, பஸ் பெருமூச்சு விடுவது போல ஒவ்வொரு சீட்டாக உள்ளே இழுத்துக்கொண்டது. யாரும் இறங்கவில்லை. ஆனாலும் பின்வாசல் படிக்கட்டு ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை, யாரோ கால் வைத்து இறங்கினாற்போல, லேசாக அழுந்தி நிமிர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனம், பிரயாணம் போகிறவர்களை வழியனுப்பும்போது நிற்கிற மாதிரி நின்றது.

பஸ் இருபத்தைந்து சீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் அஞ்சு ஊரும் அடைந்து, படியில் தொங்கி, ஏணியில் ஏறி, அலுவலரின் அட்டை அவர் நெஞ்சுக்கும் ஒரு பனையேறியின் முதுகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எண்ணுவதற்குத் திரும்பக்கூட முடியவில்லை. ஞானப்பூதான் கொட்டைப் பையைத் தலைக்கு மேலாக நீட்டினாள். பையில் மிஞ்சியதைக் கழித்து அவர் கணக்குப் போட்டார்.

"இருபத்தஞ்சு சீட்டுக்கு நூத்தி நாலு பேருங்களா?" என்றார். மூச்சுத் திணறலோடு எழுதினார். அடுத்த மாதமே டீசல் பணம் கூடி வந்தது, ரெண்டு மாதத்தில் கம்பெனி செலவில் இன்னொரு பஸ்ஸும் வந்தது. இவ்வளவும் துண்டை எடுத்ததால் வந்ததா, துண்டு போட்டதால் வந்ததா என்று தேரிக்காட்டில் இன்றைக்கும் பேச்சு ஓடுகிறது.

ஆனால் ஞானப்பூவுக்கு வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. எல்லாத் துண்டுக்கும் படி அழுந்தியது. அவள் துண்டை எடுத்தபோது மட்டும் அழுந்தவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மஸ்கட்காரன் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறான், செத்தவள்கூட வந்திருக்கிறாள், கிட்னி ரெண்டும் வந்திருக்கின்றன. ஜெபராணி ஒரு நாள்கூட வரவில்லை. ஒரு தடவை துண்டை உருவிய இடத்துக்கு அவள் எப்படி வருவாள்? துண்டு கூப்பிட்டதே தவிர, ஞானப்பூவின் வாய் கூப்பிடவில்லையே.

எண்ணிக்கை நடந்த வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமையே விசிலைச் சிலுவைமுத்துவின் கையில் கொடுத்தாள்.

"எங்கக்கா போற?"

"எனக்கும் காலு இருக்குல்லா" என்றாள்.

ரெண்டு பஸ் மாறி, ரெண்டிலும் நின்றுகொண்டே போய், மத்தியானம் சங்கரன்கோவில் ஸ்டாண்டில் இறங்கினாள். தறிப் பக்கம் போகும் மினி பஸ் எது என்று கேட்டு ஏறினாள். உள்ளே காற்று நுழைய இடமில்லை, ஒருவர் கக்கத்தில் ஒருவர் தலை வைத்து நின்றார்கள். ஆனால் மூன்றாம் வரிசை ஜன்னலோரம் காலியாக இருந்தது. அதில் ஒரு துண்டு கிடந்தது. புதுத் தறித் துண்டு, வெள்ளை. கரை நீலம். ஞானப்பூவின் தோளில் கிடந்த பழையதைப் பக்கத்தில் வைத்து இழை எண்ணி நெய்தது போல அதே நீலம்.

அவள் கிட்டே போனதும் கூடைக்காரி ஒருத்தி கையை நீட்டித் தடுத்தாள். "அதுல உக்காந்துறாதீங்கம்மா. ஆளு வரும்."

"யாரு?"

"யாருக்குத் தெரியும்? ஒரு தறிக்காரப் பிள்ள போட்டு வச்சிருக்கு. தெனமும் காலையில ஏறி, துண்டு சரியாக் கெடக்கான்னு பாத்துட்டு, அது நின்னுக்கிட்டுதான் போகும். மூணு வருசமாச்சு. மொதல்ல இந்த வண்டிக்குப் பதினேழு சீட்டு, இப்பப் பதினெட்டு."

ஞானப்பூ துண்டைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் கிடந்து சூடாக இருந்தது. போட்டவள்தான் எடுக்கலாம், அதனால் எடுக்கவில்லை. யாருக்காகப் போட்டதோ அவள் உட்காரலாம். நாலு வருஷத்துக்குப் பிறகு முழங்கால் மடங்க மறுத்தது. மெல்ல மடக்கி, துண்டின் மேலேயே உட்கார்ந்து, கையை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் ஆட்களைப் பிளந்துகொண்டு வந்தார். "எங்கம்மா எறங்கணும்?"

"இந்தத் துண்டு போட்டவ எறங்குற எடத்துல."

கண்டக்டர் துண்டைப் பார்த்தார், அவள் தோளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். டிக்கெட் கிழிக்கவில்லை. வண்டியின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி, "ஆளு வந்தாச்சு, போலாம் ரைட்!" என்று கத்திவிட்டு விசிலை ஊதினார்.